ஆறு எண்ணும் வரை

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆயிற்று. நான்காவது தடவை உன் கடையில் வேலை பார்க்கும் பெண் எடுத்து, "அண்ணன் வாஷிங் மெஷினுக்குள்ள தலைய விட்டுருக்காருங்க, இப்ப வர முடியாது" என்றாள். பின்னால் நின்று நீ சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

ஸ்கேட்டிங் அரங்கத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். ஆமாம், நம்முடையதுதான். பதினேழு வருஷம் மெத்தைக் கிடங்காகக் கிடந்த இடம். வாங்கியிருப்பது யார் என்கிறாய்? தொப். மூன்று சுற்றுக்கு ஒரு தடவை விழுந்து, விழுகிற சத்தத்தையே பெயராக வாங்கிக்கொண்டாளே, அவள். இப்போது மூக்குக்கண்ணாடி, கையில் இரண்டு போன், பெரிய முதலாளியம்மா. வீட்டுக்கே வந்துவிட்டாள். "அங்கிள், திறப்பு நாளன்னிக்கு நீங்கதான் வாசிக்கணும். கடைசிச் சுத்துக்கு அந்தச் சத்தம் வேணும்" என்றாள்.

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. விளக்கைப் பாதியாகக் குறைப்பார்கள். நான் கீபோர்டில் நான்கு நிமிஷம் மெதுவாக வாசிப்பேன். பிறகு ஸ்விட்சைத் தட்டுவேன். நம் பழைய சுழல் ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் குழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று வேகம் எடுக்கும், சத்தம் அலை அலையாக ஏறும், தளத்தில் இருக்கும் அத்தனை பேரும் முழங்காலை மடித்து அதோடு கூடவே வேகம் எடுப்பார்கள். அது உச்சிக்குப் போகும்போது அரங்கமே பறக்கும். உன் அக்கா சறுக்குக் காலணி கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்ப்பாள்.

ஆனால் தொப் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். ஏப்ரல் 5 சனிக்கிழமை ஒத்திகை. பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் சறுக்கிப் பார்ப்பார்களாம். சத்தம் அதேதான் என்றால் நான். இல்லையென்றால் ரெக்கார்டு போட்டுவிடுவார்கள். எனக்கு அறுபத்து நான்கு வயது. இன்னொரு தடவை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. இதை நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று வெட்கம் இல்லாமலே உனக்குச் சொல்கிறேன்.

கீபோர்டு இருக்கிறது. சுழல் ஸ்பீக்கர் சத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் தகரக் குவளைக்குள் மாட்டிய ஈ மாதிரி கேட்கிறது. ஸ்பீக்கரோடு சேர்ந்த நல்ல ஆம்ப்ளிஃபையர், ஆம்ப், ஒன்று வாங்கியாக வேண்டும். கடையில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று பெரியது, பதினைந்து அங்குல ஸ்பீக்கர், நாற்பது கிலோ. இரண்டாவது ஜோடி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று வைக்க வேண்டும். மூன்றாவதில் சுழல் சத்தம் ஆம்புக்குள்ளேயே வருகிறது, பக்கவாட்டிலும் ஸ்பீக்கர் இருக்கிறது, பதினான்கு கிலோதான். எதை வாங்க? உன்னை விட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் கிடையாது.

அத்தான்

---

பிப்ரவரி 14

அத்தானுக்கு,

கடிதம் என் பெயருக்கு வந்ததால் பதில் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

நாற்பது கிலோ வேண்டாம். அதில் ஒரே ஸ்பீக்கர். சுழல் சத்தம் இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வர வேண்டும். ஒரே இடத்திலிருந்து வந்தால் நடுங்குகிற மாதிரிதான் கேட்கும், சுற்றுகிற மாதிரி கேட்காது. ஜோடி நல்லது. ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தால் நடுவில் ஓட்டை விழும். மூன்றாவதை வாசித்துப் பாருங்கள்.

வாசித்துப் பார்ப்பது என்றால் கடையில் போய் உங்கள் பழைய பாட்டையெல்லாம் வாசித்துக் கைதட்டல் வாங்குவது இல்லை. நடுவில் மூன்று கட்டையை அழுத்திப் பிடியுங்கள். மெதுவேகத்தில் விடுங்கள். பிறகு ஸ்விட்சைத் தட்டுங்கள். மேல் சத்தம் முதலில் ஓட வேண்டும், கீழ்ச் சத்தம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் அது பொய். வந்துவிடுங்கள். சரியாக இருந்தால், கிளம்பியதிலிருந்து உச்சி வரை எத்தனை என்று எண்ணுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஆம்ப் வாங்க இத்தனை யோசனை கேட்கிற நீங்கள், பெட்டியை விற்கும்போது ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இரண்டு மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு எழுந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "வித்தாச்சு" என்றீர்கள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இடுப்பு போனவன் இனி எதற்கு ஆவான் என்று நினைத்தீர்கள்.

இதற்குப் பதில் வேண்டாம். ஆம்ப் விஷயத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

---

பிப்ரவரி 23

மாப்பிள்ளைக்கு,

ஆம்ப் விஷயம் மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். சரி.

உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் ரொம்பப் பொறுமைசாலி. நாற்காலி போட்டு, டீ கொடுத்து, என்ன வேண்டுமானாலும் வாசிங்க சார் என்றாள். நீ சொன்னபடி மூன்று கட்டையைத்தான் அழுத்தினேன். (முடிந்த பிறகு ஒரே ஒரு பாட்டு வாசித்தேன். நான்கு பேர் கை தட்டினார்கள். உனக்குக் கோபம் வரட்டும்.)

மூன்றாவது ஆம்ப் பொய் இல்லை. மேல் சத்தம் முன்னே போகிறது, கீழ்ச் சத்தம் பின்னே வருகிறது. பக்கவாட்டு ஸ்பீக்கர் வழியாகச் சுவர்ப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. கண்ணை மூடினால் ஒரு நிமிஷம் ஏமாந்துபோகலாம். ஆனால் ஸ்விட்சைத் தட்டினேன், ஒன்று, இரண்டு, அவ்வளவுதான், உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. உன் அக்கா கண்ணை மூடியபடியே, "இது இல்லைங்க. இது பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கு" என்றாள்.

ஜோடியையும் பார்த்தேன். ஒன்றரை. பெரியதையும் பார்த்தேன், நீ திட்டுவாய் என்று தெரிந்தே. அதுவும் இரண்டு. நம் பெட்டி ஆறு எண்ணும், மாப்பிள்ளை. ஆறு எண்ணித்தான் ஏறும். வீட்டுக்கு வந்ததும் தொப்பிடம் போனில் கேட்டேன், அந்தக் காலத்தில் எத்தனை எண்ணுவாய் என்று. "ஆறு அங்கிள். எல்லாரும் மனசுக்குள்ள எண்ணிட்டேதான் கால வைப்போம்" என்றாள். எந்த ஆம்பிலும் ஆறு இல்லையே, ஏன்? நிஜப் பெட்டியைப் பார்த்துத்தானே இதெல்லாம் செய்கிறார்கள்?

அந்தப் பெட்டிக்கு உன் அக்கா வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? சம்பந்தி. "நல்ல இடமா பார்த்து உட்கார்ந்துக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, போகும்போது நாலு பேர் வழியனுப்பணும்." கடையிலிருந்து வரும் வழியில் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அத்தான்

---

மார்ச் 2

அத்தானுக்கு,

ஆறு எல்லாம் கிடைக்காது. மூன்றாவதை வாங்கிவிடுங்கள். கடையில் வேலை அதிகம்.

---

மார்ச் 4

அத்தானுக்கு,

முந்தாநாள் போட்ட கடிதம் இதற்கு முன்னாலேயே வந்துவிடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எந்த ஆம்பிலும் ஆறு இல்லாததற்குக் காரணம், எந்தப் பெட்டியிலும் ஆறு கிடையாது. நம்முடைய பெட்டி உட்பட. அது ஒன்று எண்ணுவதற்குள் உச்சிக்குப் போக வேண்டிய பெட்டி. அப்படித்தான் செய்து அனுப்பினார்கள்.

அரங்கத்தில் நாம் வாசித்த முதல் நாள். நான்காவது பாட்டு முடிந்து இடைவேளை விட்டபோது மேல் குழலைச் சுற்றும் பெல்ட் அறுந்தது. எனக்கு இருபது வயது. உங்களிடம் சொல்லப் பயம். முதல் நாளே இப்படி என்றால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடினேன். அக்காவின் தையல் மெஷினிலிருந்து தோல் பெல்ட்டை உருவி, கத்தியால் அளவு பார்த்து வெட்டி, கம்பி போட்டு மாட்டினேன். ஆமாம், அந்த பெல்ட்தான். நீங்கள் குப்பையில் போட்டுவிட்டதாக அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அது.

தோல் வழுக்கியது. ஸ்விட்ச் தட்டினால் மோட்டார் வேகமாக ஓடும், குழல் மட்டும் பழைய மெதுவேகத்திலேயே கிடக்கும். அதனால் நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நீங்கள் ஸ்விட்ச் தட்டியதும் ஆள்காட்டி விரலால் பெல்ட்டை மெல்ல அழுத்திக்கொடுத்தேன். கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் ஏறும். அப்படி ஏற்றி ஏற்றி ஆறு ஆயிற்று.

மூன்று வாரத்தில் சரியான பெல்ட் பார்சலில் வந்தது. ஒரு நாள் காலையில் யாரும் இல்லாதபோது மாட்டிப் பார்த்தேன். தும்மல் மாதிரி ஒரே பாய்ச்சலில் ஏறியது. அதற்குள் சறுக்குகிறவர்களெல்லாம் ஆறு எண்ணப் பழகியிருந்தார்கள். கழற்றிவிட்டுத் தோலையே மாட்டினேன். புதிய பெல்ட் இன்னும் என் டூல் பெட்டியில் உறை பிரித்தபடி இருக்கிறது.

ஆறு என்பதும் சும்மா ஒரு கணக்குத்தான். குழந்தைகள் அதிகம் இருக்கும் நாளில் எட்டு வரை விடுவேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் தளத்தின் கோடித் திருப்பம் நன்றாகத் தெரியும். தொப் அந்தத் திருப்பத்தில் இருந்தால் அவள் தாண்டும் வரை அழுத்தவே மாட்டேன்.

இருபது வருஷம் இதைச் செய்தேன். ஒரு தடவை பத்திரிகையிலிருந்து வந்து, இந்த ஏற்றம் எப்படி வருகிறது என்று கேட்டார்கள். "எல்லாம் கைராசி" என்று உங்கள் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். போட்டோ எடுத்தார்கள். நான் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள்மேல் தப்பு இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெட்டியை விற்றீர்கள் பாருங்கள், அன்றைக்கு நினைத்தேன், எதை விற்கிறோம் என்றே தெரியாமல் விற்றுவிட்டார் என்று.

எழுதிவிட்டேன். அக்காவிடம் பெல்ட் விஷயம் சொல்ல வேண்டாம்.

---

மார்ச் 11

மாப்பிள்ளை,

எனக்குத் தெரியும்.

உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே. உனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து நான்கு நாள் வரவில்லையே, அரங்கத்துக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வருஷம். முதல் நாள் நான் ஸ்விட்சைத் தட்டுகிறேன், குழல் வேகம் எடுக்கவே இல்லை. ஆறு எண்ணிக் காலை வைத்தவர்கள் எல்லாரும் தடுமாறினார்கள். தொப் கடைசிச் சுற்றில் விழுந்தாள். எல்லாரும் போன பிறகு பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தோல் பெல்ட். உன் அக்காவின் மெஷினில் எத்தனை தடவை எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கூடவே அந்த ஸ்டூல். சாப்பிடும்போதெல்லாம் உன் விரல் நுனியில் கழுவினாலும் போகாத கறுப்பு இருக்குமே, அது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது.

நானும் உட்கார்ந்து, விரலை வைத்துப் பார்த்தேன். ஒரே நிமிஷம். கொப்புளம் போட்டுவிட்டது. உன் அக்கா கேட்டதற்கு டீ கொட்டிவிட்டது என்றேன். மிச்ச மூன்று நாளும் கடைசிச் சுற்றை மெதுவேகத்திலேயே முடித்தேன்.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. போகப் போகக் கேட்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் வந்த அன்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் புகழ் காதுக்கு இனிப்பாக இருந்தது, மாப்பிள்ளை. மறைத்து என்ன செய்ய. உன்னுடையதை என்னுடையதாக வைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை நான் ஒரு நாளும் சுவரில் மாட்டவில்லை. வேண்டுமானால் உன் அக்காவைக் கேட்டுப் பார்.

இப்போது பெட்டி. பதில் வேண்டாம் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

அரங்கத்தை மூடிய பிறகு மூன்று வருஷம் வாராவாரம் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். எழுபது கிலோ. நான் மேல்படியில், நீ கீழ்ப்படியில். ஒரு நாள் கூட நீ மேல்படிக்கு வர ஒப்பவில்லை. கடைசியாக நீ விழுந்த அன்று, பெட்டி உன்மேல் சாய்ந்தபோது, நீ கத்தியது "அத்தான், குழலைப் பிடிங்க." இடுப்பு முறிகிறவன் சொல்கிற பேச்சா இது?

டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இந்தப் பாரத்தைத் தூக்கினால் உன்னால் நடக்க முடியாது என்றார். நாங்கள் திரும்பி உன் அறைக்கு வந்தால், நீ படுத்துக்கொண்டே வரைந்துகொண்டிருந்தாய், பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு படம். படியில் சக்கரம் எப்படிடா உருளும்? உன் அக்கா வராந்தாவில் நின்று அழுதாள். "அது வீட்டில இருக்கிற வரைக்கும் இவன் தூக்குவான். ஏன் வித்தோம்னு தெரிஞ்சா வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து தூக்குவான். அவனுக்குச் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அந்த வாரமே கொடுத்துவிட்டேன். வாங்கிய ஸ்டுடியோக்காரர் வெளிநாடு போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டார்.

நீ வந்து நின்றபோது நான் ஏன் தலையை நிமிர்த்தவில்லை என்கிறாய். நிமிர்த்தியிருந்தால் சொல்லியிருப்பேன். பேப்பரை அன்று தலைகீழாகப் பிடித்திருந்தேன். உனக்கு இருந்த கோபத்தில் நீ கவனிக்கவில்லை.

சத்தியத்தை இப்போது உடைத்துவிட்டேன். நேற்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் உடைத்தேன். "பதினாலு வருஷம் ஆச்சு, போதும், எழுதுங்க" என்றாள்.

நீ எதற்கு ஆவாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அத்தான்

---

மார்ச் 18

அத்தானுக்கு,

படித்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். கடையில் ஒரு மெஷினுக்கு இரண்டு நாளாக பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் சிரிக்கிறாள்.

எந்த ஆம்ப் வாங்கினீர்கள்?

---

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

கேட்டாயே, கேள்.

திரும்பவும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணிடம், ஏறுகிற நேரத்தை நாமே மாற்றுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு இருக்கு சார். ஆனா உங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். வாங்கின ரெண்டு பேரும் திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். போன தடவை பார்த்த மூன்றாவதைப் போலவே பக்கவாட்டு ஸ்பீக்கர் உண்டு. மேல் சத்தம் தனி, கீழ்ச் சத்தம் தனி. நேரத்தை மாற்ற ஒரு குமிழ் இருக்கிறது. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுகிற மாதிரி வைக்கலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே திருப்பினாலும் சத்தம் அறுபடாமல் கூடவே வருகிறது.

"அப்புறம் ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?" என்றேன். "குமிழை ஆம்புக்குப் பின்னாடி வச்சுட்டாங்க சார். வாசிக்கிறவங்களுக்குக் கை எட்டாது. அதுக்குன்னு பின்னாடி ஒரு ஆளா உட்கார வைக்க முடியும்?" என்றாள்.

உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார்மா" என்றேன். மிச்சத்தை உன் அக்காதான் பேசி வாங்கினாள்.

பதின்மூன்று கிலோ. நானே ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். நீ தொடக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். நீ உட்கார மட்டும்தான்.

போன சனிக்கிழமை தொப் வீட்டுக்கு வந்திருந்தாள். உன்னைக் கேட்காமலே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்காரர்களிடம் சொல்லாததை அவளிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சின்ன வயசுல மூணு சுத்துக்கு ஒரு தடவை விழுவேன் அங்கிள். கடைசிச் சுத்துல மட்டும், ஒரே ஒரு நாள் தவிர, விழுந்ததே இல்லை. அந்தச் சத்தத்துலதான் ஏதோ இருக்குன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் இந்த இடத்தையே வாங்கினேன்" என்றாள். போஸ்டரில் போட உன் பெயரும் வேண்டுமாம், எழுத்து தப்பில்லாமல் அனுப்பச் சொன்னாள்.

ஒத்திகை ஏப்ரல் 5 சனிக்கிழமை, நான்கு மணிக்கு. மெத்தைக் கிடங்குக்காரர்கள் போன பிறகு சுத்தம் செய்தபோது மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடைத்ததாம். மூன்று கால்தான் இருந்தது. நான்காவதை நேற்று நான் போய் ஆணி அடித்து வைத்துவிட்டேன். வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

அத்தான்

---

மார்ச் 29

அத்தானுக்கு,

நீங்கள் ஆணி அடித்த ஸ்டூலில் நான் உட்கார மாட்டேன். வந்து நானே சரியாக அடித்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு நாள் முன்னாலேயே, வெள்ளிக்கிழமை மதியம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். வந்தால் இரண்டு பேரும் ஏதாவது பேசி வைப்போம், எல்லாரும் பார்ப்பார்கள்.

கோடித் திருப்பம் தெரிகிற மாதிரி ஆம்பை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

டூல் பெட்டியைக் கொண்டு வருகிறேன். அக்காவின் தையல் மெஷினுக்கு ஒரு தோல் பெல்ட்டும் வாங்கியிருக்கிறேன். முப்பத்தேழு வருஷம் தாமதம். நானே அவளிடம் கொடுத்துச் சொல்லிவிடுகிறேன். அப்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.